வரைவிலேயே வாசிப்பதா, நியமம் வரட்டும் என்று இருப்பதா?

பண்டாரவளையிலிருந்து ஒரு தங்கச்சியின் கேள்வி – 2025 ஜனவரி 11

அண்ணா, ஒரு தேயிலைத் தோட்டக் கம்பனியின் கணக்குப் பிரிவில் இரண்டு வருடமாக இருக்கிறேன். சார்ட்டர்ட் பரீட்சை பாதியில் நிற்கிறது. லண்டனில் இருக்கிற சர்வதேசக் கணக்கீட்டு நியமச் சபை, கணக்கெழுதும் விதிகளான நியமங்களுக்கு ஏதாவது ஒரு வரைவை வெளியிட்டபடியே இருக்கிறது. ஒன்றை வாசித்து முடிப்பதற்குள் அதை மாற்றிவிடுகிறார்கள். வரைவு வாசிப்பது வெட்டி வேலை, நியமமாக வந்தபிறகு ஒரே மூச்சில் படித்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்திருக்கிறேன். பிழையென்றால் ஏன் என்று சொல்லுங்கள்.

ஜனவரி 11, இரவு

பாதி சரி. எந்தப் பாதி என்று கண்டுபிடிக்கத்தான் எனக்கு நிறைய வருடம் போனது.

2010 ஓகஸ்டில் குத்தகைக்கான முதல் வரைவு வந்தது. அப்போது நான் கொழும்பில் ஒரு தோட்டக் கம்பனியின் தலைமை அலுவலகத்தில் கடைசி மேசைக்காரன். நம் கம்பனிகளுக்கு நிலம் சொந்தமில்லை என்பது உங்களுக்குத் தெரியும். 1992இல் தோட்டங்களைக் கம்பனிகளிடம் கொடுத்தபோது நிலத்தை 53 வருடக் குத்தகைக்குத்தான் கொடுத்தார்கள். குத்தகைக்குக் கொடுத்தவை ஜனவசம, அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனம் என்ற இரண்டு அரச நிறுவனங்கள். குத்தகை 2045இல் முடியும். வாடகை வருடாவருடம் மொத்த உள்நாட்டு உற்பத்திச் சுருக்கியின்படி, அதாவது விலைவாசி ஏற்றத்தைக் காட்டும் ஒரு சுட்டியின்படி, ஏறும்.

குத்தகை எல்லாம் ஐந்தொகைக்குள் (சொத்தையும் கடனையும் காட்டும் கூற்றுக்குள்) வரவேண்டும், கூடிக்குறைகிற வாடகையையும் மதிப்பிட்டுச் சேர்க்கவேண்டும் என்றது அந்த வரைவு. நான் எக்செலைத் திறந்து உட்கார்ந்தேன். 2045 வரைக்கும் ஒவ்வொரு வருடமும் அந்தச் சுருக்கி எத்தனை வீதம் ஏறும் என்று ஊகித்தேன். தோட்டத்துக்கு ஒரு தாள். இலங்கையின் விலைவாசியை முப்பத்தைந்து வருடத்துக்கு முன்கூட்டியே சொன்ன ஒரே ஹட்டன்காரன் நானாகத்தான் இருப்பேன். அலுவலகப் பெரியவர் தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு "நல்லா இருக்கு" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

2013 மே மாதம் இரண்டாவது வரைவு. 2016 ஜனவரியில் அது ஐ.எப்.ஆர்.எஸ். 16 என்ற சர்வதேச நியமம் ஆனது. 2019 ஜனவரி 1 முதல் நடைமுறை. சுட்டியோடு ஏறும் வாடகையை யாரும் ஊகிக்கத் தேவையில்லை என்றது அது. இன்றைய சுட்டிப்படி என்ன வாடகையோ அதை வைத்துப் பொறுப்பை (கொடுக்கவேண்டிய கடனை) கணக்கிடு. வாடகை மாறும்போது திரும்ப அளந்து, வித்தியாசத்தைச் சொத்தில் சேர். அவ்வளவுதான். என் தாள்களின் பின்பக்கம் மகள் படம் வரைந்து தீர்த்தாள்.

ஆகவே வரைவை வாசியுங்கள். அதை வைத்து வேலை தொடங்காதீர்கள்.

ஜனவரி 12

கண்டியிலிருந்து ஒரு மூத்தவர் திருத்தியிருக்கிறார், அதுவும் மரியாதையாக. 2010 வரைவிலேயே சுட்டியோடு போகும் வாடகைக்குத் தனியாக ஒரு வழி சொல்லியிருந்தார்களாம்: எதிர்காலச் சுட்டி சந்தையில் கைக்கெட்டும் விதத்தில் இருந்தால் அதை எடு, இல்லையென்றால் இன்று உள்ளதையே எடு. தேடிப் பார்த்தேன். இருக்கிறது. இலங்கையின் சுருக்கிக்கு எதிர்காலச் சந்தை எங்கே இருக்கிறது? ஆகவே அந்த வரைவின்படியே நான் ஊகித்திருக்கத் தேவையில்லை.

அப்போ பழியை லண்டன்மேல் போட்டது அநியாயம். நான் வரைவை வாசிக்கவே இல்லை. அதைப் பற்றி யாரோ எழுதிய இரண்டு பக்கச் சுருக்கத்தை வாசித்துவிட்டு மூன்று வாரம் எக்செல் அடித்தேன். பதினாலு வருடம் கழித்து இது வெளியே வந்திருக்கிறது. பெரியவர் ஏன் அதோடு நிறுத்திக்கொண்டார் என்பதும் இப்போதுதான் விளங்குகிறது.

நேற்றுக் கடைசியில் சொன்னதை மாற்றவில்லை. காரணம் மட்டும் மாறியிருக்கிறது.

ஜனவரி 16

பொங்கல் சோறு இன்னும் மிச்சம் இருக்கிறது, அதனால் கொஞ்சம் நீளமாக எழுதலாம்.

தங்கச்சி, வரைவு என்றால் எல்லாம் ஒன்றில்லை. ஒரு விஷயம் முதலில் ஆராய்ச்சி வேலையாகக் கிடக்கும். சிலவேளை ஒரு கலந்துரையாடல் பத்திரம் வரும், அது வெறும் "இப்படிச் செய்தால் என்ன?" அடுத்ததுதான் வரைவு. அதில் நியமத்தின் வாசகமே எழுதப்பட்டிருக்கும். கருத்துச் சொல்ல வழக்கமாக 120 நாள் தருவார்கள். அதன்பிறகு வந்த கடிதங்களை வைத்துக்கொண்டு சபை திரும்பத் திரும்பக் கூடிப் பேசும். இந்தக் கட்டத்தை நம் ஆட்கள் யாரும் பார்ப்பதே இல்லை. மாற்றம் நடப்பதோ இங்கேதான். கூட்டத்தை நேரடியாகவே ஒளிபரப்புகிறார்கள். லண்டனில் காலை ஒன்பதரை என்றால் மாரியில் நமக்குப் பிற்பகல் மூன்று மணி. மூன்று மணிக்கு ஹட்டனில் பனி இறங்கி சிக்னல் போய்விடும் என்பது வேறு விஷயம். ஒவ்வொரு கூட்டத்துக்குப் பிறகும் என்ன முடிவெடுத்தார்கள் என்று ஒரு சுருக்கம் போடுவார்கள். அதை வாசிக்கப் பத்து நிமிடம் போதும்.

அப்படி வந்த நியமம் இங்கே நேராக இறங்கிவிடாது. 1995ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டப்படி, பட்டயக் கணக்காளர் நிறுவகம் அதை ஏற்று எஸ்.எல்.எப்.ஆர்.எஸ். என்றோ எல்.கே.ஏ.எஸ். என்றோ இலங்கைப் பெயரில் வெளியிட்டால்தான் நம்மைக் கட்டும். 2012 ஜனவரி 1 முதல் நாம் சர்வதேச நியமங்களோடு சேர்ந்து போகிறோம் என்றாலும், இடையில் நம் ஊருக்கென்று சில விலக்குகளும் வந்திருக்கின்றன. தேயிலையிலேயே ஒன்று உண்டு. பிறகு சொல்கிறேன்.

ஜனவரி 16, சற்றுப் பிறகு

வரைவை எப்படி வாசிப்பது என்று சொல்ல விட்டுவிட்டேன். பின்னாலிருந்து வாசியுங்கள். ஒவ்வொரு வரைவோடும் "ஏன் இப்படி முடிவெடுத்தோம்" என்று ஒரு பகுதி வரும். சபையில் யாராவது உடன்படவில்லை என்றால் அவர் காரணமும் அதன் கடைசியில் இருக்கும். எந்தப் பலகை ஆடுகிறது என்பது அங்கே தெரிந்துவிடும். பிறகு மாறுவது பெரும்பாலும் அந்தப் பலகைதான்.

இன்னொன்று. ஒரு சி.ஆர். கொப்பி வாங்குங்கள். நாலு கோடு: வரைவின் பெயர், கருத்துச் சொல்லக் கடைசித் திகதி, நம் கணக்கில் எந்த வரியைத் தொடும், கடைசியில் என்ன ஆனது. மூன்றாவது கோட்டில் எழுத ஒன்றுமில்லை என்றால் அந்த வரைவை மூடிவைத்துவிட்டுக் கொழுந்து நிறுவையைப் பாருங்கள். காப்புறுதி ஒப்பந்த நியமத்தை நான் இன்றுவரை திறக்கவில்லை. தூக்கம் கெடவில்லை.

பெப்ரவரி 2

தேயிலைச் செடி.

விவசாயத்துக்கான எல்.கே.ஏ.எஸ். 41இன் பழைய வாசகப்படி செடியும் மாடும் ஒரே வகை: உயிருள்ள சொத்து. வருடக் கடைசியில் நியாயப் பெறுமதிக்கு (அன்று விற்றால் கிடைக்கக்கூடிய விலைக்கு) மதிப்பிட்டு, கூடியதையும் குறைந்ததையும் இலாப நட்டத்துக்குக் கொண்டுபோகவேண்டும். மாட்டுக்குச் சந்தை உண்டு. நிலத்தில் நிற்கிற தேயிலைச் செடியை மட்டும் யார் வாங்குவார்? ஆகவே வரப்போகிற வருமானத்தை ஒரு வட்டிவீதத்தால் கழித்துத்தான் மதிப்பிடவேண்டும். அந்த வீதத்தை அரை வீதம் குறைத்துவிட்டால் மலை முழுதும் ஒரே இரவில் இலாபம் பண்ணும். அந்த இலாபத்தில் ஒரு கிலோ கோதுமை மா வாங்க முடியாது.

2012இல் நாம் இந்த நியமத்துக்குள் போனபோது, இப்படிப்பட்ட செடிகளை, ஆதனம், பொறி, உபகரணத்துக்கான எல்.கே.ஏ.எஸ். 16இன்படி கிரயத்திலேயே (செலவான தொகையிலேயே) வைத்துக்கொள்ளலாம் என்று நம் நிறுவகம் வழிவிட்டது. முன்னே சொன்ன விலக்கு இதுதான். அதே நேரம் மலேசியாக்காரர்கள் செம்பனைக்காக லண்டனில் விடாமல் தட்டிக்கொண்டிருந்தார்கள். 2013 ஜூனில் வரைவு வந்தது, கருத்துச் சொல்ல ஒக்டோபர் 28 வரை நேரம். 2014 ஜூனில் திருத்தம் முடிந்து, 2016 ஜனவரி 1 முதல் நடைமுறை. ஒன்றுக்கு மேற்பட்ட வருடம் விளைச்சல் தரும், தன்னையே விளைபொருளாக விற்க மாட்டார்கள் என்றால் அந்தச் செடி இனி ஆதனம், பொறி, உபகரணத்தோடு சேரும். தேயிலைச் செடி பெக்டரியின் ரோலர் மாதிரி. கொழுந்து மட்டும் 41இலேயே நிற்கும், நியாயப் பெறுமதியில். மரத்துக்காக வளர்க்கும் சபுக்கும் கருப்பந்தைல மரமும் அங்கேயே.

நான் அந்த வரைவை வாசிக்கவில்லை. சூடு கண்ட பூனை. குத்தகையில் வாங்கியது போதும், நியமம் வரட்டும் பார்க்கலாம் என்று இருந்துவிட்டேன். தங்கச்சி, இப்போது நீங்கள் எடுத்திருக்கிற முடிவு அப்படியே என்னுடைய 2013 முடிவு.

செடிக்கு ஒன்றும் ஆகவில்லை, அது ஏற்கெனவே கிரயத்தில் இருந்தது. கொழுந்தில்தான் மாட்டினேன். அதுவரை செடியில் நிற்கிற கொழுந்துக்குத் தனியாக ஒரு சதம்கூட நாங்கள் எழுதியதில்லை. 2016 கணக்கில் அது வேண்டும் என்றால் ஒப்பிடுவதற்கு 2015 வேண்டும். 2015க்கு ஆரம்ப மீதி வேண்டும். அதாவது 2014 டிசம்பர் 31 அன்று எந்த மலையில் எவ்வளவு கொழுந்து நின்றது என்று 2016இல் தேடவேண்டும். வரைவை அப்போதே வாசித்திருந்தால் அந்த ஒரு நாளுக்குரிய ரவுண்ட் விபரத்தை (எந்த மலையில் கடைசியாக எப்போது பறித்தார்கள் என்பதை) எழுதிவைக்கும்படி தோட்டங்களுக்கு ஒரு கடிதம் போட்டிருப்பேன். அரைப் பக்கக் கடிதம்.

அதற்குப் பதிலாக இரண்டு கிழமை போனில் கிடந்தேன். டிக்கோயாப் பக்கத்தில் ஒரு பெரிய கிளாக்கர், ஓய்வுபெறுகிற வயது. "ஐயா, 2014 கடைசி நாளில் ஏழாம் நம்பர் மலையில் எத்தனையாவது நாள் ரவுண்ட்?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "தம்பி, அன்னைக்கு மழையா வெயிலான்னே எனக்கு ஞாபகம் இல்லை. கொழுந்து செடியில எவ்வளவு நின்னுச்சுன்னு கேக்குறீங்களே" என்றார். அடுத்த நாள் அவரே பழைய நிறுவைப் புத்தகத்தைத் தூசி தட்டிப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். பூச்சி தின்ற பக்கம். இலக்கங்கள் தப்பியிருந்தன.

பெப்ரவரி 3

நேற்றையதில் ஒன்றைச் சேர்க்கவேண்டும். தேயிலைச் செடிக்குப் பல கம்பனிகள் 33 வருடமும் நாலு மாதமும் ஆயுள் போடுகின்றன, வருடத்துக்கு 3 வீதம் தேய்வு. ஆனால் குத்தகை 2045இல் முடிகிறதே. இன்று நடுகிற செடிக்கு 33 வருடம் எங்கிருந்து வரும்? எது குறைவோ அதுதான். என் பாட்டி கொழுந்தெடுத்த விதைத் தேயிலை நூறு வயதைத் தாண்டி இன்னும் துளிர்க்கிறது. புத்தகத்தில் எப்போதோ பூச்சியம். நேற்று நட்ட நாற்றின் ஆயுளோ புத்தகத்தில் இருபது வருடம். வாசகர் எவராவது இதைச் செடியிடம் சொல்லிவிடுங்கள்.

பெப்ரவரி 16

பதுளையிலிருந்து ஒருவர் கேட்கிறார்: போன நவம்பரில் ஏற்பாடுகள் (வரப்போகிற செலவுக்கு இப்போதே எழுதிவைக்கும் தொகைகள்) பற்றிய வரைவு ஒன்று வந்ததே, கருத்துச் சொல்ல மார்ச் 12 கடைசி, நம் கம்பனிகளின் பெரிய பொறுப்பே, தொழிலாளி வேலையை விடும்போது கொடுக்கும் சேவைக்காலப் பணத்துக்கான ஏற்பாடுதானே, ஏன் யாரும் பேசவில்லை?

நல்ல கேள்வி, ஆனால் பெயர் ஏமாற்றிவிட்டது. சேவைக்காலப் பணத்தை நாம் பழக்கத்தில் "பணிக்கொடை ஏற்பாடு" என்று எழுதுகிறோம். அது எல்.கே.ஏ.எஸ். 19, ஊழியர் நலன்கள். அந்த வரைவு தொடுவது ஏற்பாடுகளுக்கான 37ஆம் நியமத்தை. 37 ஊழியர் நலன்களைத் தன் எல்லைக்கு வெளியே விட்டுவிடுகிறது. ஆகவே கொப்பியின் மூன்றாவது கோட்டில் நான் எழுதியது "அனேகமாக இல்லை". கழிவீதம் (எதிர்காலத் தொகையை இன்றைய பெறுமதிக்குக் குறைக்கும் வீதம்) பற்றிய பகுதியை மட்டும் வாசித்தேன், ஆசைக்கு.

சேவைக்காலப் பணத்தைப் புரட்டிப் போடுவது லண்டன் இல்லை, கொழும்பு வர்த்தமானி. ஒரு கணக்கு போடுவோம். 1983இன் 12ஆம் இலக்கச் சட்டப்படி தோட்டத் தொழிலாளிக்குச் சேவை செய்த ஒவ்வொரு வருடத்துக்கும் 14 நாள் சம்பளம். 25 வருடம் வேலைசெய்த ஒரு அக்காவுக்கு நாட்சம்பளம் 700 என்றால் 2,45,000 ரூபா. 2021 மார்ச்சில் நாட்சம்பளம் 1,000 ஆனது. அதே அக்கா, அதே 25 வருடம்: 3,50,000. ஒருவருக்கே 1,05,000 கூடுகிறது. கம்பனிக்கு எத்தனை ஆயிரம் பேர் என்று பெருக்கிக்கொள்ளுங்கள். நியமத்தில் ஒரு முற்றுப்புள்ளிகூட மாறவில்லை. பொறுப்பு மட்டும் குதித்தது.

2021இல் நான் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தது வரைவுகளைத்தான். சம்பளச் சபையின் கதையைப் பத்திரிகையில் வாசித்துவிட்டு, "பாவம், இப்போதாவது கூடட்டும்" என்று நினைத்தேனே தவிர, என் மேசைக்கு வரப்போகிற இலக்கம் அது என்று உறைக்கவில்லை. லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசைவீட்டில்) பிறந்தவனுக்கே உறைக்கவில்லை. கொப்பியில் இப்போது ஐந்தாவது கோடு ஒன்று போட்டிருக்கிறேன்: வர்த்தமானி.

பெப்ரவரி 17

சரி, சரி. 1,000 என்பது 900 அடிப்படையும் 100 வரவுசெலவுப் படியும் சேர்ந்தது என்று நாலு பேர் எழுதிவிட்டீர்கள். தெரியும். கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று சேர்த்து எழுதினேன்.

மார்ச் 3

சிறிய பெக்டரி வைத்திருக்கிற ஒருவர், கொழுந்து வாங்கித் தூள் செய்கிறவர், தனிச்செய்தியில் கேட்டார்: இதெல்லாம் எனக்கும் வருமா? அவர் சிறிய, நடுத்தர நிறுவனங்களுக்கான நியமத்தில் இருக்கிறார். அதன் மூன்றாம் பதிப்பு லண்டனில் போன கிழமைதான் வெளிவந்தது. 2027 ஜனவரி 1 முதல். நான் முதலில் தேடியது குத்தகையை. முழு நியமத்தில் வந்தமாதிரி எல்லாக் குத்தகையையும் ஐந்தொகைக்குள் இழுக்கும் மாற்றத்தை இதில் கொண்டுவரவில்லை. பெக்டரிக்குப் பக்கத்துக் காணியை அவர் குத்தகைக்கு எடுத்திருக்கிறார், பழையபடியே போகலாம். அவருக்கு நிம்மதி. எனக்குக் கட்டணம் போய்விட்டது.

மார்ச் 13

நேற்றோடு அந்த 37 வரைவுக்கு நேரம் முடிந்தது. யாராவது எழுதினீர்களா என்று கேட்டிருக்கிறார்கள். நான் எழுதவில்லை.

வாழ்க்கையில் ஒரே ஒரு கடிதம் எழுதினேன், 2020இல். நிதிக்கூற்றின் தோற்றத்தை மாற்றும் வரைவு 2019 டிசம்பரில் வந்தது, கொரோனாவால் கடைசித் திகதியை 2020 செப்டெம்பர் 30க்குத் தள்ளினார்கள். அதில் "வழமைக்கு மாறான வருமானமும் செலவும்" என்று தனிக் குறிப்புப் போடவேண்டும் என்று ஒரு யோசனை. வரும் சில வருடங்களில் இதேபோல் திரும்ப வராது என்று எதிர்பார்க்கக்கூடியது எதுவோ அது வழமைக்கு மாறானது. ஊரடங்கில் வீட்டில் இருந்தேன், ஆவேசமாக இரண்டு பக்கம் எழுதினேன். ஐயா, எங்கள் நாட்டில் வழமை என்று ஒன்று இருந்தால்தானே மாறானதைச் சொல்ல முடியும்? 2019இல் குண்டு, 2020இல் நோய். அடுத்த வருடம் என்ன என்று யாருக்குத் தெரியும்? (அடுத்த வருடம் இரசாயன உரத்தைத் தடைசெய்தார்கள். அதற்கடுத்த வருடம் டொலரே இல்லை. கடிதத்தில் இதைச் சேர்க்க முடியாமல் போனது.)

ஆங்கிலம் சரியில்லையோ, ஹட்டனில் இருந்து ஒருவன் எழுதினால் சிரிப்பார்களோ என்று யோசித்து யோசித்து நாள் போய்விட்டது. வரைவு பற்றிய என் கடிதம் மின்னஞ்சலில் வரைவாகவே கிடக்கிறது, இன்றும்.

அந்த யோசனையைப் பிறகு சபையே கைவிட்டது. நான் அனுப்பாமலே. அதனால் அனுப்பத் தேவையில்லை என்று ஆகிவிடுமா? அன்றைக்கு அப்படித்தான் என்னைத் தேற்றிக்கொண்டேன். இப்போது அது சரியாகப் படவில்லை. வந்த கடிதங்களை எல்லாம் அவர்கள் தளத்தில் போடுகிறார்கள். செம்பனைக்காரர்கள் எழுதியதை வாசித்துப் பாருங்கள், தோட்டத்து வாசனை அடிக்கும்.

மார்ச் 31

இன்று ஒரு வாடிக்கைக் கம்பனிக்காகத் தோட்டத்தில் நின்றேன். வருடக் கடைசி நாள். பலருக்கு இது எப்படி நடக்கிறது என்றே தெரியாது, அதனால் எழுதுகிறேன்.

செடியில் நிற்கிற கொழுந்தை யாரும் எண்ணுவதில்லை. மலைகளை ஏழு நாளுக்கு ஒருமுறை எடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இன்று ஒரு மலை நேற்று எடுத்த மலையாக மொட்டையாக நிற்கும், இன்னொன்று நாளை எடுக்கவேண்டியதாகத் தளதளவென்று நிற்கும். சராசரியாகப் பாதி வளர்ந்திருக்கும் என்று கொண்டு, போன ரவுண்டில் வந்த நிறையில் பாதியை எடுப்பார்கள். 420 கிலோ வந்ததென்றால் 210. பச்சைக் கொழுந்துக்குப் பெக்டரி கொடுக்கிற விலை 180 என்று வையுங்கள்; அதைத் தீர்மானிப்பது அந்த 68க்கு 32 சூத்திரம், விற்றுவந்ததில் 68 வீதம் கொழுந்துக்காரருக்கு. பறிக்கிற கூலிக்கும் லொறிக்கும் 60 போனால் கிலோவுக்கு 120. இருபத்தையாயிரத்து இருநூறு ரூபா ஐந்தொகையில். ஒரு கிழமையில் அது காணாமல் போய்விடும், அடுத்த கொழுந்து வந்துவிடும்.

சாயங்காலம் அம்மாவுக்குப் போன் எடுத்தபோது எங்கே போனாய் என்றாள். சொன்னேன். முப்பத்தொரு வருடம் கூடை சுமந்தவள். "பறிக்காத கொழுந்துக்கா காசு எழுதுறீங்க?" என்றாள். ஆமாம் என்றேன். "பறிச்ச கொழுந்துக்கே ரெண்டு கிலோ குறைஞ்சுதுன்னு எனக்கு அரைப்பேர் போட்டவங்கதானே?"

அரைப்பேர் என்றால் அரை நாள் சம்பளம். இதற்கு எந்த நியமத்திலும் பதில் இல்லை. நான் மழை வருகிறதா என்று கேட்டுப் பேச்சை மாற்றினேன்.

ஏப்ரல் 20

புத்தாண்டு லீவு முடிந்தது. இனி ஐ.எப்.ஆர்.எஸ். 18. தங்கச்சி, இந்த வருடம் ஒன்றை மட்டும்தான் வாசிக்க நேரம் என்றால் இதை வாசியுங்கள். மார்ச் 13இல் சொன்ன 2019 வரைவின் பிள்ளை இது. 2024 ஏப்ரலில் வந்தது. இலாப நட்டக் கூற்று இனி தொழிற்பாடு, முதலீடு, நிதியிடல் என்று பிரியும். தொழிற்பாட்டு இலாபம் என்று ஒரு வரி எல்லோருக்கும் கட்டாயம். இதுவரை ஆளுக்கொரு இடத்தில் கோடு போட்டுக்கொண்டிருந்தோம்.

நம் ஆட்கள் கவனிக்காத இடம்: சேவைக்காலப் பணப் பொறுப்பின் மேல் வருடாவருடம் ஏறுகிற வட்டி. பல கணக்குகளில் அது சம்பளச் செலவோடு ஒட்டிக்கொண்டு விற்பனைக் கிரயத்துக்குள் கிடக்கிறது. இனி நிதியிடலுக்குப் போகவேண்டும். குத்தகைப் பொறுப்பின் வட்டியும் அங்கேதான். அதாவது ஒன்றும் செய்யாமலே தோட்டக் கம்பனியின் தொழிற்பாட்டு இலாபம் கொஞ்சம் அழகாகத் தெரியும். சம்பளப் பேச்சுவார்த்தையில் தொழிற்சங்கக்காரர் அந்த வரியைத்தான் காட்டுவார். துரைமார் இப்போதே பதில் யோசித்து வைப்பது நல்லது. இந்த யோசனை 2019 வரைவிலேயே இருந்தது, மாறாமல் வந்தது. வழமைக்கு மாறானது விழுந்தது, இது நின்றது.

மார்ச் கணக்குக்காரர்கள் 2027 மார்ச் 31 கணக்கிலேயே இதைக் காட்டவேண்டும்.

ஏப்ரல் 21

இல்லை. பிழை. 2027 ஜனவரி 1இலோ அதற்குப் பிறகோ *தொடங்கும்* வருடம். மார்ச் கணக்குக்காரருக்கு அது 2027 ஏப்ரல் 1இல் தொடங்குகிற வருடம், கூற்று வெளிவருவது 2028இல். ஆனால் ஒப்பிடும் வருடத்தையும் புதிய வடிவில் காட்டவேண்டும், அது 2026 ஏப்ரலில் தொடங்குகிறது. அதற்கு இன்னும் ஒரு வருடம்கூட முழுதாக இல்லை. 2014 டிசம்பர் 31 கொழுந்தைத் தேடி அலைந்தவன் சொல்கிறேன், வட்டியைத் தனிக் கணக்கில் போட இப்போதே கோட் ஒன்று திறந்துவையுங்கள்.

"வரைவை வைத்து வேலை தொடங்காதே என்றீர்களே" என்று யாரும் வரவேண்டாம். இது வரைவு இல்லை, முடிந்த நியமம்.

மே 18

கணக்கீட்டுச் சொற்களுக்கு எது சரியான தமிழ் என்ற சண்டைக்கு நான் வரவில்லை. "நியாயப் பெறுமதி" என்று உயர்தரத்தில் படித்தோம், எனக்கு அதுவே போதும். இந்தியத் தமிழில் வேறு சொல் என்கிறார் ஒருவர், இருக்கட்டும். அம்மாவிடம் நியாயப் பெறுமதி என்றால், "நியாயமா யாரு குடுத்தா?" என்பாள்.

ஜூன் 8

பண்டாரவளைத் தங்கச்சி தன் கொப்பியின் முதல் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார். ஏழு வரி. ஐந்தில் மூன்றாவது கோடு வெறுமை, அவற்றை வாசிக்கவில்லையாம். சரியான ஆள். ஆறாவது வரியில் 19க்குப் பதில் 37 என்று இருக்கிறது, மாற்றிவிடுங்கள்.

ஜூன் 9

மழைக்குப் பழைய பெட்டிகளை மேலே ஏற்றும்போது 2010 தாள் ஒன்று அகப்பட்டது. 2022ஆம் வருடத்துக்கு நான் போட்டிருந்த ஊகம் 6 வீதம். அந்த வருடம் செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டியின்படி பணவீக்கம் 69.8 வீதம். பின்பக்கம் மகள் ஒரு வாத்து வரைந்திருக்கிறாள், நன்றாக இருக்கிறது.